தாத்தாவின் 1978 டிராக்டரை மீட்டெடுப்பதா, எடைக்குப் போடுவதா?

கோட்டூர்வயல்:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்க் களத்தில் ஒரு மாஸி பெர்குசன் 1035 நிற்கிறது. 1978-இல் தாத்தா நிலவள வங்கியில் கடன் வாங்கி எடுத்த வண்டி. 2011 வரை ஓடியது. அதை நிறுத்திவிடுவோம் என்று யாரும் முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த உழவுக்கு வாடகை வண்டி வந்தது, அதற்கடுத்த உழவுக்கும் அதுவே வந்தது, அப்படியே நின்றுபோயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் கொட்டகைக் கூரையும் ஒரு தென்னையும் சேர்ந்து அதன்மேல் விழுந்தன. பானெட் நடுவில் அமுங்கியது. இடது மட்கார்டு வளைந்து டயரோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் நெல் காயவைக்கத் தளம் போட வேண்டியிருப்பதால் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பழைய இரும்புக்காரர் 52,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். சென்னையில் இருக்கும் தம்பி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடலாம் என்கிறான். பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருக்கும் என் மகளோ, நாமே பிரித்துச் சரிசெய்து ஓட்டலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பாவுக்கு 71 வயது. கேட்டால் "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறுகளில் ஊருக்கு வருவேன். பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியதற்கு மேல் எனக்குப் பட்டறை அனுபவம் கிடையாது. இதை ஒரு குடும்ப வேலையாக எடுத்துச் செய்ய முடியுமா, அல்லது ஆசையில் இறங்கிப் பாதியில் கைவிட்டு, பின்னர் உதிரியாக எடைக்குப் போடும் நிலைக்கு வந்துவிடுவோமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

நண்பரே, மனம் நோகாமல் கேளுங்கள். பின் டயர் இரண்டும் ஐம்பதாயிரத்தைத் தொடும். முன் டயர், பேட்டரி, செல்ஃப் மோட்டார் வேலை என்று அடுத்த இருபதாயிரம் போகும். இன்ஜினைப் பிரித்து லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றுவதானால் எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை எடுத்து வையுங்கள். கிளட்ச், பிரேக், தகர வேலை, பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இரும்பு விலையாகக் கிடைக்கும் 52,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதும் ஒரு செலவுதான். மொத்தத்தில் மூன்று லட்சத்தை நெருங்குகிறது. ஓடும் நிலையில் உள்ள அதே மாதிரி வண்டி அதில் பாதி விலைக்குச் சந்தையில் கிடைக்கிறது.

இன்னொன்று: வேலை இருக்கிறதா? உங்கள் பக்கத்தில் இப்போது சேற்றுழவுக்கு ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டியும் ரோட்டவேட்டரும் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகின்றன. 35 குதிரைத்திறன் வண்டிக்கு ஒன்பது கொத்துக் கலப்பையும் டிரெய்லரும்தான் மிஞ்சும். வேலையில்லாத வண்டி மறுபடியும் தார்ப்பாய்க்கு அடியில்தான் போகும்.

செங்கிப்பட்டிப் பட்டறை:

முப்பது ஆண்டுகளாக இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே சொன்ன கணக்கில் பெரிய பிழை இல்லை. ஆனால் வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் போட்ட கணக்கு அது. மீட்பதா விற்பதா என்று பேசுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையும் இரண்டாயிரம் ரூபாயும் செலவழித்துக் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, இங்கிலாந்தின் மாஸி பெர்குசன் 35-ஐ அடிப்படையாக வைத்து வளர்த்த வரிசையைச் சேர்ந்தது உங்கள் 1035. சிம்சன் செய்துகொடுத்த மூன்று சிலிண்டர் இன்ஜின். அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்ததால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உதிரிபாகக் கடைக்குப் போய் மாடல் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவை அன்றே கைக்குக் கிடைக்கும். பழைய வண்டியை மீட்பதில் பாதிப் போராட்டம் உதிரி தேடுவதுதான். உங்களுக்கு அது இல்லை.

இன்ஜின் இறுகிவிட்டதா என்பதே முதல் கேள்வி. சைலன்சரின் வாய் திறந்து கிடந்ததா, மூடியிருந்ததா என்று பாருங்கள். திறந்திருந்தால் இத்தனை ஆண்டு மழையும் வால்வு திறந்து நின்ற சிலிண்டருக்குள் போயிருக்கும், சிலிண்டரின் உட்சுவரான லைனரோடு பிஸ்டன் ரிங் துருவேறிப் பிடித்திருக்கும். அடுத்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தயவுசெய்து பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள், இன்னொரு வண்டியால் இழுத்தும் பார்க்காதீர்கள். பிடித்துப்போன இன்ஜினை இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், அதன் பிறகு நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து ஒரு டம்ளர் ஊற்றி, துணியால் அடைத்து, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் எனக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் தனியாக வெளியே இல்லை. கியர் பெட்டிக்குள் அதே ஆயிலில் முங்கிக் கிடக்கிறது. அடிப்பக்கத்து வடிகால் போல்ட்டைத் தளர்த்தி முதலில் வருவது என்ன என்று ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் அதுதான் முதலில் வரும். அரை லிட்டருக்குள் என்றால் அது காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து சேர்ந்தது, கவலையில்லை. லிட்டர் கணக்கில் வந்தால் பம்ப், பேரிங், பின் அச்சைச் சுழற்றும் கிரவுன் பினியன் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். இன்ஜினில் மட்டுமல்ல, அங்கேயும் பணம் போகும்.

மூன்றாவது, பின் சக்கர ரிம். சேற்றுழவுக்கு டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால் ரிம் உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே பெயின்ட் நன்றாகத் தெரியும். வால்வு துவாரத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் அரித்த இடத்தில் பொத்தென்று சத்தம் வரும்.

வைகைக்கரை:

நான் ஒரு தோல்விக் கதையோடு வருகிறேன். என் மாமனார் வைத்திருந்த எச்எம்டி 2511-ஐ நானும் கணவரும் இரண்டு மகன்களும் மீட்பதாகச் சொல்லி ஒரு தீபாவளி விடுமுறையில் பிரித்தோம். பிரிப்பதற்கு நான்கு நாள் ஆயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அது சேரவில்லை.

எங்கள் பிழைகள் இரண்டு. ஒன்று, போல்ட்டுகளை எல்லாம் ஒரே வாளியில் போட்டோம். அப்போது எல்லாம் நினைவில் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. மூன்று மாதம் கழித்து ஒரே கனத்தில் மூன்று நீளத்தில் போல்ட் கையில் இருக்கும்போதுதான் எது எங்கே என்று விழிப்போம். இரண்டாவது பிழை பெரியது: பிள்ளைகளுக்கு அழுக்குச் சுரண்டும் வேலையை மட்டும் கொடுத்தோம். பதினைந்து வயதுப் பிள்ளை மூன்று வாரம் டீசலும் பிரஷ்ஷுமாகச் சேற்றைச் சுரண்டினால் நான்காவது வாரம் வராது. உங்கள் மகளுக்கு முழுதாக ஒரு பகுதியைப் பொறுப்பாகக் கொடுங்கள். டைனமோவோ, வயரிங்கோ, பிரேக்கோ எதுவானாலும் கழற்றுவது, கடைக்குப் போய் விலை பேசுவது, மாட்டுவது எல்லாம் அவளே செய்யட்டும்.

எச்எம்டி டிராக்டர் உற்பத்தியே 2016-இல் நின்றுவிட்டதால் எங்களுக்கு உதிரி கிடைப்பதும் சிக்கல். உங்களுக்கு அது இல்லை என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். எனக்கு ஒரே ஒரு கேள்வி: அந்த வண்டியை அத்தனை ஆண்டு ஓட்டியவர் யார்? அப்பாவா?

பரந்தன்வாசி:

வன்னியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் உழவு இயந்திரம் என்றுதான் சொல்லுவோம். எங்கள் வீட்டு மாஸி 135 இடப்பெயர்வுகளின்போது வீட்டுச் சாமான்களையும் அயல்வீட்டாரையும் ஏற்றி இழுத்தது. திரும்பி வந்தபோது அது எங்களிடம் இல்லை. ஆகவே நிற்கிற ஒன்றை எடைக்குக் கொடுக்கும் பேச்சை என்னால் நடுநிலையோடு வாசிக்க முடியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு பாதுகாப்புக் குறிப்பு சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. வண்டி கவிழ்ந்தால் தப்புவது கடினம். பிள்ளைகளை மட்கார்டில் இருத்திக்கொண்டு போகும் பழக்கம் நம் இரண்டு பக்கமும் உண்டு. வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இருக்கை எவருக்கும் இல்லை என்று வீட்டில் முதலே சொல்லிவிடுங்கள். பிரேக் மிதிகள் இடம் வலம் என்று இரண்டாக இருக்கும் அல்லவா, அவற்றை இணைக்கும் கொளுக்கி துருவேறி விழுந்திருக்கும். தெருவில் ஏறுமுன் அதைப் பூட்டாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழன்றுவிடும்.

கோட்டூர்வயல்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சரின் வாயில் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்து, கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. நாங்கள் யாரும் கட்டவில்லை. ஆயில் கறுப்பாகவே இருக்கிறது. வடிகால் போல்ட்டைத் தளர்த்தியதில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரும் பிறகு பழுப்பு நிற ஆயிலும் வந்தன. வலது ரிம் பொத்தென்று ஒலிக்கிறது, இடதில் மணிச் சத்தம்.

இனி வைகைக்கரை அவர்களின் கேள்வி. வண்டியை ஓட்டியவர் அப்பா அல்ல. 1983 முதல் 2011 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், ஒரே ஓட்டுநர். சிறு வயதிலிருந்தே எங்களுக்கு அவர் டிரைவர் அண்ணன். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். வண்டி எங்களுடையது என்பதால் அதன் கதையும் எங்களுடையது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கொட்டாங்குச்சியைக் கட்டியவர் அவர்தான். 2011-இல் டீசல் பம்ப்பைக் கழற்றி அளவுபார்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புகையும் டீசல் செலவும் தாங்காது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அந்தப் போகம் கையில் பணம் இல்லை. அப்பா வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டார். "வேலை இல்லைன்னு சொல்லியிருந்தா வேற வண்டிக்குப் போயிருப்பேன் தம்பி. சொல்லல. ரெண்டு மாசம் காலையில களத்துக்கு வந்து உக்காந்திருந்தேன்" என்றார். பிறகுதான் கொட்டாங்குச்சியைக் கட்டிவிட்டு, சாவியை எங்கள் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா ஏன் இந்தப் பேச்சு வந்தாலே எழுந்துபோகிறார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

வண்டியைப் பற்றி அவர் சொன்னவற்றை மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். லைனர் பிஸ்டன் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கிராங்க் ஒருமுறை கிரைண்டிங் செய்து இருபது சைஸ் பேரிங் போட்டிருக்கிறது. இனி ஒருமுறை கிரைண்டிங் செய்து முப்பது சைஸ் போடலாம், அதற்கு மேல் இடமில்லை. இடது பின் அச்சின் ஆயில் சீல் கசிந்து பிரேக் லைனிங்கில் ஆயில் ஏறியதால் இடது பிரேக் பல ஆண்டுகளாகப் பிடிக்காது. ஆகவே வரப்போரத்தில் எப்போதும் வலது பக்கமாகவே வண்டியைத் திருப்புவாராம். எங்கள் வயல்களில் வரப்பு முனைகள் ஏன் ஒரே பக்கமாக மழுங்கியிருக்கின்றன என்று நான் யோசித்ததுகூட இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவரும் யோசித்ததில்லை என்றார்.

செங்கிப்பட்டிப் பட்டறை:

அந்தக் கொட்டாங்குச்சி உங்களுக்கு லட்ச ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கலாம். முக்கால் லிட்டர் தண்ணீர் நான் சொன்ன அளவைவிடச் சற்று அதிகம்தான், ஆனாலும் பயப்படும்படி இல்லை. ஆயிலை முழுவதும் வடித்து, டீசல் ஊற்றி அலசி, புதிய ஆயில் முப்பது லிட்டரை ஒட்டி ஊற்றுங்கள். ஆண்டு வாரியாகச் சொல்லக்கூடிய ஓட்டுநர் இருக்கும்போது நான் இங்கிருந்து ஊகிப்பதைவிட அவர் கை வைத்துச் சொல்வதே சரியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

என் பட்டியலில் ஒரு வரியை விட்டுவிட்டேன், இப்போது சேர்க்கிறேன்: டிரைவர் அண்ணனுக்கு நாள் கூலி. இதைக் குடும்ப வேலை என்று நீங்கள் அழைப்பதால் அவரும் வந்து நின்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டறை மெக்கானிக்குக் கொடுக்கும் அதே கூலியை, ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலையில் கையில் கொடுங்கள். கூலியைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகத்தான் ஆகிறது என்பது எனக்கும் தெரியும். கூலியையும் சேர்த்துக் கட்டுப்படியாகாவிட்டால் இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடலாம். ஆனால் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு வண்டியை ஓட்டக் கூடாது.

வைகைக்கரை:

அதோடு, வேலை தொடங்கும் முன் அப்பா அவரிடம் ஒரு வார்த்தை பேசட்டும். நீங்கள் நடுவில் நின்று பேசினால் போதாது.

கணக்குப்பிள்ளை:

ஆர்.சி. (பதிவுப் புத்தகம்) யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசு வழியாகப் பெயர் மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. டிராக்டரின் பதிவு முதல் பதினைந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 1993-இலேயே அந்தக் கெடு வந்திருக்கும். பிறகு யாராவது புதுப்பித்தார்களா என்று புத்தகத்தில் பாருங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் என்றால் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்ல வேண்டிவரும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தம்பியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

கோட்டூர்வயல்:

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்துத் தெருவுக்குப் போனார். நான் உடன் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து களத்துக்கு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சிலிண்டரில் ஊற்றி எட்டு நாள் ஊறிய பிறகு ஸ்பேனர் போட்டோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் அண்ணன் ஸ்பேனரின் மேல் தன் உடல் எடையைப் போடாமல், உள்ளங்கையால் தட்டித் தட்டி, பத்து நிமிடம் போல அசைத்துக்கொண்டே இருந்தார். விசிறி விரல்கடை அளவு நகர்ந்தது. மறுபடி எதிர்ப்பக்கம். பிறகு கால் சுற்று, பிறகு முழுச் சுற்று. மூன்று நாசில் துவாரங்களிலிருந்தும் கறுப்பு டீசல் பானெட்டில் பீய்ச்சி அடித்தது, மகளின் சட்டையிலும்தான்.

எங்கள் முடிவு இது. முழுமையாகப் புதுப்பிக்கப் போவதில்லை. இன்ஜினைத் திறக்காமல் டீசல் பம்ப்பையும் நாசிலையும் மட்டும் அளவுபார்த்து ஓடவைத்துப் பார்ப்போம். ஆயில் பிரஷர் இறங்காமல் நின்றால் இன்ஜினை அப்படியே விடுவோம். இரண்டு பிரேக், அச்சு சீல், கிளட்ச், வலது ரிம், பின் டயர்கள். பானெட்டை உட்புறத்திலிருந்து தட்டி எடுப்போம், பெயின்ட் இல்லை. பளபளப்பாக இருந்தால் யாராவது விலைக்குக் கேட்பார்கள் என்று டிரைவர் அண்ணன் சொல்கிறார். கூலியையும் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம் என்று எல்லை வைத்திருக்கிறோம். தம்பி பாதி தருகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான். வேலையைப் பொறுத்தவரை கணக்குப்பிள்ளை சொன்னது சரிதான், உழவுக்கு இதை நம்பப் போவதில்லை. வைக்கோல் இழுக்கவும், தளத்திலிருந்து நெல் ஏற்றவும், பக்கத்து வயல்காரர் இருவருக்கு டிரெய்லர் ஓட்டவும் போதும். ஓட்டுவது டிரைவர் அண்ணன். வாடகையில் பாதி அவருக்கு.

பிரேக் முழுவதும் மகளின் பொறுப்பு. பட்டறைக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி: கிளட்ச் பார்க்க வண்டியை நடுவில் பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

செங்கிப்பட்டிப் பட்டறை:

முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் தொட்டில் போல ஆடுவது. பின்பாதியிலிருந்து பிரிந்த நொடியில் இன்ஜின் ஏதாவது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அடியில் கை இருந்தால் போயிற்று. ஆகவே போல்ட்டைத் தொடும் முன் அச்சுக்கும் மேலே உள்ள தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு பாதிக்கும் அடியில் கட்டை அடுக்குங்கள். கிளட்ச், பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்தெடுக்கட்டும்.

கோட்டூர்வயல்:

நன்றி ஐயா. ஈரத் துணி விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். கஜாவில் விழுந்த வேலமரத்தின் துண்டு ஒன்று இன்னும் கொல்லையில் கிடக்கிறது. ஆப்பு இரண்டையும் அதிலேயே செதுக்கிக்கொண்டிருக்கிறாள். டிரைவர் அண்ணன் பார்த்துவிட்டு இன்னும் விரல்கடை கனம் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.